தோட்டத்துத் திடலும் மத்தியத் திடலும்



2018ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் ஷா ஆலாம் விளையாட்டரங்கில் மலேசியக் கிண்ண இறுதியாட்டம் நடைபெற்றது. பேராவும் திரெங்கானுவும் மோதின. கூடுதல் நேரம் முடிந்தும் 3-3 எனச் சமநிலை. பினால்டியில் 4-1 எனப் பேரா வென்றது. 2000ஆம் ஆண்டிற்குப் பிறகு அக்கிண்ணம் ஈப்போவிற்கு வந்தது அன்றுதான். அப்பருவத்துப் பேரா அணியின் மத்தியத் திடலில் ஆடியவர்களுள் ஒருவர் கென்னி பால்ராஜ். திடலின் ஓரத்தில் ஓடியவர் ஜெ. பார்த்திபன். இவ்விரு பெயர்களையும் கேட்டு நம் வீடுகளில் பலரும் மகிழ்ந்திருப்பர். இத்தகைய ஆட்டக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள், இனி எங்கிருந்து வருவார்கள் என்பதை வரலாற்று நோக்கில் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மத்தியத் திடல் ஆட்டக்காரரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கோல் அடிப்பவர் பெயர் நாளேட்டில் வரும். கோல் காவலர் தடுத்த பந்தை மக்கள் பல்லாண்டு பேசுவர். இடையில் நிற்பவரோ பந்தைப் பறிக்கிறார், வாங்குகிறார், கொடுக்கிறார், மீண்டும் ஓடுகிறார். பந்து தம் காலுக்கு வருமுன்பே தலையைத் திருப்பி, யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்துவிட வேண்டும். இதை வகுப்பறையில் கரும்பலகையில் வரைந்து கற்பிக்க இயலாது. வாரத்திற்கு இரு மணி நேரப் புறப்பாட நடவடிக்கையிலும் இது வந்துவிடாது. பல்லாயிரம் முறை பந்தை இழந்து பழகியவனுக்கே அப்பார்வை வாய்க்கும்.

அவ்வாறு இழந்து பழகுவதற்கு ஓர் இடம் வேண்டுமன்றோ? நம் மக்களுக்கு அவ்விடம் தோட்டத்துத் திடலாக இருந்தது.

பேரா மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு அந்நாளின் ஒழுங்கு நினைவிருக்கும். விடியுமுன் பெரட்டு. பிறகு மரம் சீவுதல், பாலெடுத்தல், ஸ்டோரில் பாலை நிறுத்தல். நண்பகல் கடந்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். வெயில் தணிந்ததும் ஆண்கள் திடலுக்கு வருவர். தோட்டத்திற்கு ஒரு கோவில், ஒரு பள்ளி, ஒரு கள்ளுக்கடை, ஒரு திடல் என்பதே அன்றைய அமைப்பு. பள்ளிகூடத் தானாக வந்துவிடவில்லை. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வகை செய்தது. திடலுக்கு அத்தகைய சட்டம் எதுவுமில்லை. தொழிலாளர் மாலை நேரத்தைக் கள்ளுக்கடையிலோ தொழிற்சங்கக் கூட்டத்திலோ கழிப்பதைவிடப் பந்தாட்டத்தில் கழிப்பது துரைமார்களுக்கு ஏற்புடையதாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. காரணம் எதுவாயினும் திடல் இருந்தது; நம்மவர் அதைப் பயன்படுத்தினர்.

அத்திடலில் வயது பிரிவு கிடையாது. பத்து வயதுச் சிறுவனும் முப்பது வயதுத் தொழிலாளியும் ஒரே ஆட்டத்தில் இருப்பர். பெரியவர் மோதினால் சிறுவன் விழுவான். ஆகவே மோதுமுன் பந்தைக் கொடுத்துவிடப் பழகுவான். மேடும் பள்ளமுமான தரையில் பந்து எப்படித் துள்ளும் என்று கண்காணிப்பான். பயிற்றுநர் எவரும் இல்லாமலேயே மத்தியத் திடல் ஆட்டத்தின் அரிச்சுவடி இவ்வாறு பதிந்தது. (சப்பாத்து இல்லாமல் ஆடியதைப் பெருமையாகப் பேசுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சப்பாத்து இருந்திருந்தால் இன்னும் நன்றாகவே ஆடியிருப்பர்.)

இனி நகரத்துப் பக்கம் வருவோம். 1921ஆம் ஆண்டு 'மலாயா' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலின் வருகையையொட்டி வழங்கப்பட்டதே மலாயாக் கிண்ணம். பின்னர் அது மலேசியக் கிண்ணமாயிற்று. பேரா 1926, 1931, 1957, 1967, 1970 ஆகிய ஆண்டுகளில் அதனை வென்றது. ஈப்போவில் இன்றுள்ள பேரா விளையாட்டரங்கம் 1965இல் திறக்கப்பட்டது. அக்காலத்தில் காற்பந்து ஒரு தொழிலன்று. காவல்துறை, இரயில்வே, பொதுப்பணித் துறை, வங்கி என ஏதேனும் ஓரிடத்தில் வேலை பார்த்துக்கொண்டே மாநிலத்திற்கு ஆடுவர். ஆட்டத் திறனால் வேலை கிடைத்தவர்களும் உண்டு. கால் முறிந்தாலும் சம்பளம் நிற்காது என்பது அதில் இருந்த நன்மை.

தேசிய அணியில் நம்மவர் பெயர்கள் விளங்கிய காலமும் அதுவே. தாக்குதலில் என். தனபாலன், 1972 மியூனிக் ஒலிம்பிக்கிற்குச் சென்ற அணியின் தற்காப்பில் எம். சந்திரன், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற அணியின் கோல் காவலராக ஆர். ஆறுமுகம். மலேசியா மாஸ்கோவைப் புறக்கணித்ததால் ஆறுமுகமும் அவருடைய தோழர்களும் அங்கே ஆடவில்லை என்பது அனைவரும் அறிந்த வரலாறு.

இதற்கிடையே தோட்டங்களின் நிலை மாறிக்கொண்டிருந்தது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெளிநாட்டு நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றனர். இத்துண்டாடலைத் தடுக்கவே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது அச்சங்கம். ஆயினும் எல்லாத் தோட்டங்களையும் காக்க இயலவில்லை. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று சுமார் 530. பேராவில் மட்டும் 134 பள்ளிகள். குறைந்து போன பள்ளிகளைப் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம், பேசியிருக்கிறோம். அவற்றோடு போன திடல்களை எவரும் எண்ணி வைக்கவில்லை.

லயத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் ஈப்போவின் புறநகர்களிலும் மலிவு விலை வீடுகளிலும் குடியேறின. தந்தை தொழிற்சாலைக்கு மூவேளை மாற்றுப் பணிக்குச் சென்றார். மாலையில் ஒரே நேரத்தில் இருபது பேர் கூடும் வழக்கம் அற்றுப் போயிற்று. கூடினாலும் இடமில்லை.

வியப்பு என்னவெனில், மலேசியக் காற்பந்து சம்பளத் தொழிலாக மாறியதும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். 1989இல் பகுதி நேரத் தொழில்முறை லீக். 1994இல் முழுத் தொழில்முறை லீக். அந்த 1994ஆம் ஆண்டே ஆட்ட நிர்ணய ஊழல் வெடித்தது. ஆட்டக்காரரும் பயிற்றுநருமாக 21 பேர் நீக்கப்பட்டனர். 58 ஆட்டக்காரர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். 126 பேர் விசாரிக்கப்பட்டனர். தொழிலாகத் தொடங்கிய நாளிலேயே அதன் மீது மக்கள் கொண்ட நம்பிக்கை சிதைந்தது. அரங்கங்கள் வெறிச்சோடின. "பந்து விளையாடி என்ன கிழிக்கப் போகிறாய்?" என்று பிள்ளைகளைக் கடிந்த பெற்றோருக்கு ஒரு வலுவான சான்றும் கிடைத்துவிட்டது. 1998இல் கார்ல்-ஹைன்ஸ் வைகாங் பயிற்சியில் 28 ஆண்டுகளுக்குப் பின் மலேசியக் கிண்ணம், மீண்டும் 2000இல் அதே கிண்ணம், 2002, 2003ஆம் ஆண்டுகளில் லீக் பட்டம், 2004இல் எப்.ஏ. கிண்ணம் எனப் பேரா அணி எழுந்து நின்றபோது ஈப்போ அரங்கம் மீண்டும் நிரம்பியது.

தொழில்முறைக் காலத்தில் ஒரு மத்தியத் திடல் ஆட்டக்காரரின் வாழ்க்கை எப்படி அமையலாம் என்பதற்கு எஸ். குணாலனைக் காட்டுவேன். அவர் பேராக்காரர் அல்லர். நெகிரி செம்பிலான் அணியில் வளர்ந்தவர். 1986இல் பிறந்தவர். வலப்புறம் விரைந்தோடும் மத்தியத் திடல் ஆட்டக்காரராகவே அறிமுகமானார். 2009இல் நெகிரி செம்பிலான் மலேசியக் கிண்ணத்தை வென்றது. 1948க்குப் பிறகு, அதாவது 61 ஆண்டுகளுக்குப் பிறகு. அதே ஆண்டு டிசம்பரில் வியந்தியனில் கே. இராஜகோபால் பயிற்றுவித்த 23 வயதிற்குட்பட்ட அணி வியட்நாமை 1-0 என வென்று, 20 ஆண்டுகளாகக் கிட்டாத சீ விளையாட்டுத் தங்கத்தைப் பெற்றது. மறு ஆண்டு அதே பயிற்றுநரின் கீழ் தேசிய அணி, இந்தோனேசியாவை இரு ஆட்டங்களில் மொத்தம் 4-2 என வீழ்த்தித் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்றது. இவ்விரு அணிகளிலும் குணாலன் இருந்தார். 2013இல் சிலாங்கூர், 2014 முதல் ஜே.டி.டி.

இங்கேதான் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. ஜே.டி.டி. நாட்டிலேயே அதிகம் செலவு செய்யும் அணி. முன்வரிசைக்கு அயல்நாட்டு ஆட்டக்காரர்கள் வந்து நிறைந்தனர். வேகத்தை மட்டும் நம்பும் உள்ளூர் ஆட்டக்காரருக்கு முப்பது வயதிற்கு மேல் அங்கே என்ன வேலை? குணாலன் பின்வரிசைக்கு இறங்கி வலப்புறத் தற்காப்பு ஆட்டக்காரரானார். புதிய இடத்தைப் புதிதாகக் கற்றார். 2015இல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்புக் கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசிய அணியான ஜே.டி.டி.யில் இடம்பெற்றிருந்தார். 2014 தொடங்கி 2024-25 வரை அவ்வணி தொடர்ச்சியாக 11 முறை லீக் பட்டம் பெற்றது. அவ்வெற்றிகளில் பலவற்றில் அவருக்கும் பங்குண்டு. கற்கும் மனம் இல்லாதிருந்தால் அவருடைய ஆட்டக் காலம் பாதியில் முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

மீண்டும் பேராவிற்கு வருவோம். 2018இல் கிண்ணம் தூக்கிய அணி மூன்றே ஆண்டுகளில் சம்பள நிலுவைச் சிக்கலில் வீழ்ந்தது. ஆட்டக்காரர்கள் பிரிந்து சென்றனர். 2021 பருவ முடிவில் பேரா சூப்பர் லீக்கிலிருந்து கீழிறங்கியது. கென்னி பால்ராஜ் அவ்வாண்டு கோலாலம்பூர் சிட்டி அணியில் இருந்தார். 2021 நவம்பர் 30ஆம் நாள் அவ்வணி ஜே.டி.டி.யை 2-0 என வென்று மலேசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. கோலாலம்பூருக்கு அது 32 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த வெற்றி. ஒரே ஆட்டக்காரர், மூன்று ஆண்டு இடைவெளியில் இரு வேறு அணிகளில். விட்டு வந்த அணியோ சரிந்து கிடக்கிறது. பேரா 2023இல் மேலே வந்தது. ஆனால் 2025-26 சூப்பர் லீக்கில் அதன் பெயரே இல்லை. நூற்றாண்டுப் பெருமை கொண்ட மாநிலத்தின் கதி இது.

நம் சமூகத்தின் முயற்சி ஒன்றும் இவ்வாறே முடிந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் சார்பில் தோன்றி, பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி எனப் பெயர் மாறிய அணி 2019 முதல் 2022 வரை சூப்பர் லீக்கில் ஆடியது. நம் இளைஞர் பலருக்கு உயர்நிலை ஆட்டத்தில் இடம் தந்த அணி அது. 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது.

"ஐயா, என் மகனை இதில் விடலாமா?" என்று கேட்கும் பெற்றோரிடம் நான் ஆமென்றோ இல்லையென்றோ சொல்வதில்லை. மேற்கண்ட வரலாற்றைச் சொல்கிறேன். ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டுக்கே என்பதையும், ஊழியர் சேமநிதி கட்டப்படுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதையும், சம்பளம் வராவிடில் முறையிட ஆட்டக்காரர்களுக்கென ஒரு சங்கம் இருக்கிறது என்பதையும் சொல்கிறேன். எஸ்.பி.எம். சான்றிதழை எந்தப் பயிற்றுநருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வதுண்டு.

அந்த ஒப்பந்தத்தை எட்டுவதற்கு முன் ஒரு வாசலைக் கடக்க வேண்டும். இன்று ஆட்டக்காரர் உருவாகும் வழி புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி, பகாங் கம்பாங்கிலுள்ள மொக்தார் டஹாரி காற்பந்துக் கழகம், 2014இல் தொடங்கிய தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் ஆகியவற்றின் ஊடாகச் செல்கிறது. அங்கே பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பது ஏறத்தாழப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில். அதாவது, அவன் நம் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும்போது! அவ்வயதிற்குள் அவன் கால்கள் எத்தனை மணி நேரம் பந்தோடு இருந்தன என்பதே அவனைத் தேர்வாளர் கண்ணில் நிறுத்தும்.

நம் பள்ளிகளில் பெரும்பாலானவை பகுதி உதவி பெறுபவை. நிலம் இன்னும் தோட்ட நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கும் பள்ளிகள் பல. அங்கே கோல் கம்பம் நடுவதற்கும் இசைவு கேட்க வேண்டும். முப்பது மாணவர் படிக்கும் பள்ளியில் நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுச் சிறுவர்களைக் கூட்டினாலும் ஓர் அணி தேறாது. சிறுமியரையும் சேர்த்துக்கொண்டால் ஒருவாறு தேறும், சேர்த்துக்கொள்வதில் தவறென்ன? அண்டைப் பள்ளிகள் இரண்டு மூன்று இணைந்து, புல் வெட்டும் செலவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பகிர்ந்துகொண்டு, சனிக்கிழமை காலைகளில் ஒரே திடலில் எல்லா வயதினரையும் கலந்து ஆடவிடலாம். முன்னாள் மாணவர்களையும், விருப்பமுள்ள தந்தையரையும் அழைத்துக்கொள்ளலாம். பயிற்றுநர் கிடைக்காவிட்டாலும் தொடங்கலாம். ஒரு பந்துக்குப் பதிலாக மூன்று பந்துகள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செம்பனைக்குள் போகும் பந்து உடனே திரும்புவதில்லை.