பணிப் பாதுகாப்புப் பகுப்பாய்வு

ஒரு வேலையை அது நடக்கும் வரிசையிலேயே படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் என்ன கேடு நேரலாம் என்று பார்த்து, அதற்கான தடுப்பை வேலை தொடங்குமுன் எழுதிவைக்கும் முறை பணிப் பாதுகாப்புப் பகுப்பாய்வு. ஆலைகளில் ‘ஜே.எஸ்.ஏ.’ என்பார்கள். படி, அபாயம், தடுப்பு என்று மூன்று பத்திகள் கொண்ட ஒரு தாள்தான் அதன் வடிவம். அந்த வேலையைத் தினமும் செய்பவர் பக்கத்தில் இருந்து சொன்னால்தான் தாள் நிரம்பும். அலுவலக மேசையில் நிரப்பிய தாளுக்கு மதிப்பில்லை.

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசைப் பக்கத்துத் தோட்டக் கிணறு ஒன்றில் பழுதான மோட்டாரை மேலே எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘மோட்டாரைக் கழற்றித் தூக்குவது’ என்று ஒரே வரியில் சொன்னால் அதில் அபாயம் எதுவும் தெரியாது. படிகளாகப் பிரித்தால் தெரியும். மின்சாரத்தை நிறுத்துவது முதல் படி. இறங்கியபின் விவரம் தெரியாத ஒருவர் சுவிட்சைப் போட்டுவிடலாம். ஆகவே ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். இறங்குவது அடுத்த படி. கல் வழுக்கும், கிணற்றுக்குள் டீசல் எஞ்சின் ஓடியிருந்தால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்கியிருக்கும். தூக்கும்போது சங்கிலி அறுந்தால் கீழே நிற்பவர் தலையில் விழும். பெரும்பாலான தாள்களில் விடுபடுவது ஒன்று உண்டு: உள்ளே ஒருவர் மயங்கினால் அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவது. அதுவும் ஒரு படிதான். கிணற்றிலும் தொட்டியிலும் இரண்டு மூன்று பேராகச் சாவது இந்தப் படியில்தான்.

வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் பழக்கம் பாதுகாப்புக்காகப் பிறந்ததல்ல. அமெரிக்காவில் ஃபிரடெரிக் டெய்லரும் ஃபிராங்க் கில்பிரெத்தும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேகத்துக்காக அதைச் செய்தார்கள். செங்கல் கட்டும் கொத்தனாரின் கையசைவுகளை எண்ணி, பதினெட்டை ஐந்தாக்கினார் கில்பிரெத். விபத்து எங்கே நிகழ்கிறது என்று பார்ப்பதற்கும் அதே முறை பயன்பட்டது. காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றிய எச். டபிள்யூ. ஹைன்ரிக் 1931இல் வெளியிட்ட தொழிற்சாலை விபத்துத் தடுப்பு நூல் இந்தத் துறைக்கு அடித்தளமானது. தொழிலாளியின் கவனக்குறைவே பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம் என்ற அவருடைய முடிவு வெகுகாலம் கோலோச்சியது. அதனால் விளைந்த தீமையும் அதிகம். பழியை ஆள்மேல் போட்டுவிட்டால் படியை யாரும் திருத்த மாட்டார்கள்.

இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. இன்றைய தலைமுறை அறிந்தது 1948ஆம் ஆண்டுச் சட்டம். சுழலும் சக்கரத்துக்கு மூடி, கூடத்துக்குக் காற்றோட்டம், தீ வந்தால் வெளியேற வழி என்று அது பெரும்பாலும் இடத்தையும் இயந்திரத்தையும் பார்த்தது; செய்யும் வேலையின் வரிசையைப் பார்க்கவில்லை. அந்தப் பார்வையைப் புரட்டிப்போட்டது போபால் விஷவாயு விபத்து. 1984 டிசம்பர் 2-3 இரவில் மீத்தைல் ஐசோசயனேட் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. எப்படிப் புகுந்தது என்பதில் இரு விளக்கங்கள் உண்டு. குழாய் கழுவும்போது இடையில் செருக வேண்டிய தடுப்புத் தகட்டைச் செருகாமல் விட்டதே காரணம் என்பது ஒன்று. அதன்படி பார்த்தால் பேரழிவு முழுவதும் ஒரு பராமரிப்பு வேலையின் விடுபட்ட ஒரு படியில் தொடங்குகிறது. வேண்டுமென்றே செய்த நாசவேலை என்பது நிறுவனத் தரப்பின் வாதம். குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்ததும், வாயுவை எரிக்கும் கோபுரம் பழுதுபார்ப்புக்காகத் துண்டிக்கப்பட்டிருந்ததும் எந்த விளக்கத்திலும் மாறாதவை.

போபாலுக்குப் பின் 1987இல் 1948ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு, அபாயகரமான தொழில்முறைகளுக்கெனத் தனி அத்தியாயம் சேர்ந்தது. அபாயங்களைத் தொழிலாளிக்குச் சொல்வது நிர்வாகத்தின் கடமையானது. தொழிலாளர் இடம்பெறும் பாதுகாப்புக் குழுவும், உடனடி ஆபத்து வரும் என்று அஞ்சினால் அதை நிர்வாகத்திடம் எழுப்பும் உரிமையும் அதே அத்தியாயத்தில் இருந்தன. பணிப் பகுப்பாய்வுத் தாளுக்குச் சட்டத்தில் நெருங்கிய உறவு இவைதாம்.

தென்காசி மாவட்டத்தின் வட எல்லையைத் தாண்டினால் விருதுநகர் மாவட்டம். பட்டாசுத் தொழிலின் மையமான சிவகாசி அங்கே இருக்கிறது. இந்த முறை எவ்வளவு உதவும், எங்கே கைவிடும் என்ற இரண்டையும் சிவகாசியில் பார்க்கலாம். பட்டாசு அறையின் விதிகள் உண்மையில் ஒவ்வொரு படிக்கும் எழுதிய தடுப்புகளே. உள்ளே நுழைவது ஒரு படி: உடலில் தேங்கிய நிலைமின்சாரம் இறங்க, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு வர வேண்டும், பருத்தி ஆடைதான் உடுத்த வேண்டும். மருந்தைக் கலப்பதும் செலுத்துவதும் அடுத்தவை: இரும்புக் கருவி கூடாது, ஓர் அறையில் குறிப்பிட்ட சிலருக்குமேல் இருக்கக் கூடாது. வேலை முடிப்பதும் ஒரு படி: மீந்த மருந்தை இரவு தங்கவிடக் கூடாது, ஏனென்றால் அலுமினியத் தூள் ஈரம் பட்டால் தானே சூடேறும். குளோரேட்டோடு கந்தகத்தைச் சேர்ப்பதை 1992 ஜனவரியில் மத்திய அரசு தடை செய்தது. லேசான உராய்விலேயே வெடிக்கும் கலவை அது. எத்தனை எச்சரிக்கைப் பலகை மாட்டினாலும் கிடைக்காத காப்பு இந்த ஒரு தடையில் கிடைத்தது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். வேலையில் இருந்தவர்கள் மட்டும் இறக்கவில்லை. முதல் வெடிச்சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் பலர் அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். கிணற்றில் பார்த்த அதே விடுபட்ட படி. அந்தப் பகுதி விபத்துகளின் விசாரணைகளில் அனுமதிக்கு மேற்பட்ட ஆட்கள், மரத்தடியில் வேலை, உள்குத்தகை என்று அதே காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எண்ணிக்கைக்குக் கூலி என்றாகிவிட்டால் தீபாவளி நெருங்க நெருங்க ஒவ்வொரு படியும் சுருங்கும். தாளின் தடுப்புப் பத்தியில் என்ன எழுதியிருந்தாலும் அந்தக் கூலிமுறைக்கு அது ஈடுகொடுப்பதில்லை.

அந்தப் பத்தியை நிரப்புவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அபாயத்தையே நீக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் குறைந்த கேடுள்ள பொருளோ முறையோ. அதன்பின் மூடி, தடுப்பு போன்ற பொறியமைப்பு. அதன்பின் நேரம், பயிற்சி, அனுமதிச் சீட்டு. கையுறையும் முகமூடியும் கடைசி. நடைமுறையில் பலர் கடைசியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கழிவுத் தொட்டி வேலையில் இந்தத் தலைகீழ் வரிசை உயிரைக் குடிக்கிறது. ஆளை இறக்குவதற்கு எதிராக 2013இல் சட்டம் வந்தபிறகும் தமிழ்நாட்டில் அந்தச் சாவுகள் நிற்கவில்லை. அங்கே சரியான தாளில் ‘இறங்குவது’ என்ற படியே இருக்கக் கூடாது. செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் திருவனந்தபுரத்தில் இளம் பொறியாளர்கள் உருவாக்கிய ‘பேண்டிகூட்’ இயந்திரம் 2018 முதல் சாக்கடைக் குழிக்குள் மனிதனுக்குப் பதிலாக இறங்குகிறது.

பீடி சுற்றும் தென்காசி வட்டாரப் பெண்கள் பலரின் வேலையிடம் வீட்டுத் திண்ணை. பீடி இலையை நனைத்து, அளவுக்கு வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டுவது வரை படிகள் மிகத் தெளிவானவை. எழுதுவதானால் அரைமணி நேரத்தில் எழுதிவிடலாம். தூள் மூச்சில் ஏறுகிறது, நிக்கோட்டின் தோல்வழி இறங்குகிறது, மணிக்கணக்கில் குனிந்த கழுத்தும் முதுகும் வலிக்கின்றன. மடியில் தட்டு இருக்கும்போது குழந்தையும் பக்கத்திலேயே தவழ்கிறது. 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றும் பெண்ணையும் தொழிலாளி என்று ஏற்றது. அது பெரிய வெற்றி. ஆனால் காற்றோட்டம், தூய்மை, நெரிசலின்மை பற்றிய அதன் விதிகள் ‘தொழில்வளாக’த்துக்கு உரியவை, குடியிருப்பு வீடு தொழில்வளாகம் ஆகாது என்று சட்டத்தின் வரையறையே சொல்லிவிட்டது. பழைய சட்டங்களைத் தொகுத்த 2020ஆம் ஆண்டுப் பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. மின்விசை இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் என்றிருந்த தொழிற்சாலை வரம்பு அதில் 20, 40 என்று உயர்ந்திருக்கிறது.