உளவியல் ஆய்வுகளின் மறுசோதனை: எதைத் தேர்வது

வெளியான ஓர் உளவியல் ஆய்வை வேறோர் ஆய்வாளர் திரும்பச் செய்து, அதே முடிவு கிடைக்கிறதா என்று பார்ப்பது மறுசோதனை. ஆண்டுதோறும் வெளியாகும் ஆய்வுகள் பல்லாயிரம். அவற்றைத் திரும்பச் செய்ய முன்வருவோர் மிகச் சிலர். ஆதலால் எதை எடுப்பது, எதை விடுவது என்று முறையாக முடிவு செய்யும் தேவை எழுகிறது. பலர் நம்பி மேற்கொண்டு ஆய்வு நடத்துவதும், ஆனால் தாங்கும் சான்று மெலிந்திருப்பதுமான ஆய்வே முதலில் சோதிக்கத் தக்கது. முடிவு நம்பமுடியாததாக இருப்பது மட்டும் போதிய காரணம் ஆகாது.

மறுசோதனை அரிதாக இருப்பது பற்றிய கவலை புதியதன்று. 1959-இல் தியோடர் ஸ்டெர்லிங் நான்கு உளவியல் இதழ்களில் வந்த 362 கட்டுரைகளைப் பார்த்தார். புள்ளியியல் சோதனை நடத்திய 294 கட்டுரைகளுள் 286 'விளைவு உண்டு' என்றே அறிவித்திருந்தன. முந்தைய ஆய்வைத் திரும்பச் செய்தது ஒன்றுகூட இல்லை. ஒரே கேள்வியைப் பலர் தனித்தனியே ஆராய்ந்து, ஒருவருக்கு மட்டும் தற்செயலாக விளைவு தென்பட்டால், அச்சேறுவது அந்த ஒன்றாகவே இருக்கும். 1968-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் லிக்கன் மறுசோதனையை மூன்றாகப் பகுத்தார். முதல் ஆய்வின் ஒவ்வொரு நிலைமையையும் அப்படியே நகலெடுப்பது ஒன்று. கட்டுரையில் எழுதப்பட்ட செய்முறையை மட்டும் பின்பற்றுவது இன்னொன்று. செய்முறையை வேண்டுமென்றே விட்டுவிட்டு, அது சொன்ன கருத்தை வேறு வழியில் சோதிப்பது மூன்றாவது. லிக்கன் மூன்றாவதையே உயர்வாக மதித்தார். முடிவு ஒத்துவந்தால் அம்மதிப்பு பொருந்தும். ஒத்துவராதபோதோ, தவறு கருத்திலா புதிய வழியிலா என்று சொல்ல இயலாது. எனவே ஐயத்துக்குரிய ஆய்வுக்கு இரண்டாம் வகையே முதலில் வேண்டும். தேர்வு பற்றிய பிற்கால விவாதங்கள் இப்பகுப்பை அடிக்கடி மறந்துவிடுகின்றன. அதனால் சோதனை முடிந்த பிறகு எது சோதிக்கப்பட்டது என்பதே சர்ச்சையாகிறது.

வியப்பை அளவுகோலாகக் கொண்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு டேரில் பெம்மின் ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. இனி நடக்கப்போவது இப்போதைய நடத்தையைப் பாதிக்கிறது என்று, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடத்திய 9 சோதனைகளைக் கொண்டு அவர் 2011-இல் எழுதினார். பிரிட்டனில் மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனையைத் திரும்பச் செய்தபோது விளைவு தென்படவில்லை. மூலக் கட்டுரையை வெளியிட்ட இதழ் அவர்களது கட்டுரையை ஏற்க மறுத்தது. 2012-இல் அது வேறோர் இதழில் வந்தது. இதழ்களின் போக்கை அம்பலப்படுத்தியதில் இதன் பயன் பெரிது. ஆனால் பெரும்பாலான உளவியலாளர்கள் பெம்மின் முடிவைத் தொடக்கத்திலேயே நம்பவில்லை. மறுசோதனையால் அவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டிய கருத்து ஏதுமில்லை.

மனவலிமை செலவழியச் செலவழியக் குறைகிறது என்ற கொள்கையின் கதை வேறு. பசியோடு வந்த மாணவர்கள் முன் சாக்லேட் பிஸ்கட்டை வைத்து, சிலரை முள்ளங்கி மட்டும் தின்னச் சொன்னால், அடுத்துத் தரும் புதிரை அவர்கள் விரைவில் கைவிடுகிறார்கள் என்று ராய் பாமைஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் 1998-இல் காட்டினர். அச்சோதனையில் பங்கேற்றோர் 67 பேர். 2010-இல் மார்ட்டின் ஹாகர் குழுவினர் 198 சோதனைகளைத் தொகுத்து விளைவு உண்டு என்றனர். அதே ஹாகர் ஒருங்கிணைத்த 23 ஆய்வகங்கள் 2,100-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்து 2016-இல் வெளியிட்டபோது விளைவு ஏறத்தாழச் சுழியமாக இருந்தது. பயன்படுத்திய பணி பொருத்தமானதன்று என்று பாமைஸ்டர் தரப்பு மறுத்தது. ஒரு பணியில் மட்டுமே தென்படும் விளைவு என்றால், எல்லாத் தன்னடக்கத்துக்கும் பொருந்தும் கொள்கையாக அது நிற்க முடியாது. அவருடன் நெடுங்காலம் பணியாற்றிய கேத்லீன் வோஸின் தலைமையில் 36 ஆய்வகங்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வும் மிகச் சிறிய, உறுதியற்ற விளைவையே கண்டது. நூற்றுக்கணக்கான ஆய்வுகள் சார்ந்திருந்த ஒன்றைச் சோதித்ததால் இங்கே செலவிட்ட உழைப்பு முழுவதும் அறிவாயிற்று.

2008-இல் மூன்று இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து, பிரையன் நோசெக் குழுவினர் 2015-இல் வெளியிட்ட முடிவு பரவலாக அறியப்பட்டது: மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு விளைவைக் காட்டியிருக்க, மறுசோதனைகளில் 36 விழுக்காடே காட்டின. துறையின் பொது உடல்நலத்தை அறிய அது தக்க வழி. தனி ஆய்வைத் தேர்வதற்கு வழிகாட்டியாகாது. அத்தேவைக்காக நெதர்லாந்தில் பெடர் இசாகர், டேனியல் லேக்கன்ஸ் முதலியோர் ஓர் எளிய அளவை முன்வைத்தனர். ஆண்டுக்கு எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகிறது என்பது கூடக்கூட மறுசோதனை மதிப்பு ஏறும். பங்கேற்றோர் எண்ணிக்கை கூடக்கூட இறங்கும். மேற்கோள் எண்ணிக்கை செல்வாக்கின் உண்மையான அளவா என்பது நியாயமான தடை. வெறும் 42 பேரை வைத்து, மிடுக்கான உடல் தோரணை ஹார்மோன்களை மாற்றும் என்று சொன்ன 2010-ஆம் ஆண்டு ஆய்வு, கல்வித்துறைக்கு வெளியே மேடைப் பேச்சால்தான் புகழ்பெற்றது. 200 பேரை வைத்த 2015-ஆம் ஆண்டு மறுசோதனையில் ஹார்மோன் மாற்றம் இல்லை. ஆகவே இந்த அளவு ஒரு சல்லடைதான். சலித்தபின் துறை அறிந்தோர் படித்துப் பார்த்தே தேர வேண்டும். மறுசோதனை வெல்லுமா என்று ஆய்வாளர்கள் பந்தயச் சந்தையில் முன்கூட்டியே கணிக்கும்போது சோதனை எதற்கு என்றும் கேட்கலாம். 2015-இல் வெளியான ஆய்வில் அச்சந்தை 71 விழுக்காடு சரியாகக் கணித்தது உண்மை. எஞ்சிய 29 விழுக்காடு சிறியதன்று; சந்தையில் கருத்துச் சரிபாதியாகப் பிரியும் ஆய்வே சோதனையால் மிகுதியாகத் தெளிவு பெறும்.

மறுசோதனைக்கு ஆதரவும் கிடைத்து வருகிறது. நெதர்லாந்து அறிவியல் ஆய்வு அமைப்பு 2016-இல் மறுசோதனைக்கென 30 லட்சம் யூரோ ஒதுக்கியது. விளைவு கண்ட கட்டுரையே அச்சேறும் போக்கைத் தவிர்க்க, முடிவு தெரியுமுன்பே கட்டுரையை ஏற்கும் முறையை இன்று பல இதழ்கள் பின்பற்றுகின்றன.