சார்ஜ் டார்ச் வாங்கப் போறீங்களா? பேட்டரியைக் கழற்ற முடியுமான்னு முதல்ல பாருங்க!

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைப் புரட்டிப் போட்டபோது, பல கிராமங்களில் நாள் கணக்கில், சில இடங்களில் வாரக் கணக்கில் கரண்ட் இல்லை. அது மாதிரி நேரத்தில் வீட்டில் முதலில் தேடுவது டார்ச் லைட்டைத்தான். ஆனால் போன வருஷம் வாங்கி அலமாரியில் வைத்த சார்ஜ் டார்ச், தேவைப்படும் அன்றைக்குப் பார்த்து எரியாது. சார்ஜ் போட்டாலும் அஞ்சு நிமிஷத்தில் மங்கிவிடும்.

பெரும்பாலும் கெட்டுப்போவது லைட் அல்ல, உள்ளே இருக்கும் பேட்டரிதான். அதனால் டார்ச் வாங்கும்போது எவ்வளவு வெளிச்சம் என்பதோடு, பேட்டரி செத்தால் என்ன செய்வது என்றும் கேட்டாக வேண்டும்.

பேட்டரி ஏன் முதலில் சாகிறது?

எல்இடி விளக்கு பல ஆயிரம் மணி நேரம் எரியக்கூடியது. பேட்டரிக்கு அந்த ஆயுள் கிடையாது. சாதாரண லித்தியம் அயன் செல்லை சுமார் 300 முதல் 500 முறை முழுசாக சார்ஜ் செய்து தீர்த்தால், அதன் கொள்ளளவு குறையத் தொடங்கிவிடும். பயன்படுத்தாமல் வைத்தாலும் வயசாகும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம்.

விலை குறைந்த சார்ஜ் டார்ச்சுகள், எமர்ஜென்சி லைட்டுகள் பலவற்றில் இருப்பது 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. சார்ஜ் தீர்ந்த நிலையிலேயே இதை மாதக்கணக்கில் போட்டு வைத்தால், உள்ளே உள்ள தகடுகளில் லெட் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு சார்ஜ் ஏறாது. "சும்மாதானே வச்சிருந்தோம், எப்படிக் கெட்டுச்சு?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

உள்ளேயே பேட்டரி: நல்லது என்ன, கெட்டது என்ன?

இந்த வகை டார்ச்சில் செல்லைத் தனியாக வாங்க வேண்டாம், சார்ஜர் தேட வேண்டாம். மொபைல் சார்ஜரில் செருகினால் போதும். செல்லைத் தலைகீழாகப் போட்டுவிடும் பயமும் இல்லை. பெரியவர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு வசதி.

சிக்கல் இரண்டு. நடு ராத்திரியில் சார்ஜ் தீர்ந்தால் உடனே மாற்ற வழியில்லை. கரண்ட் வர வேண்டும் அல்லது பவர் பேங்க் இருக்க வேண்டும். இரண்டாவது, பேட்டரி செத்தால் பல மாடல்களில் டார்ச்சும் குப்பைதான். லெட் ஆசிட் டார்ச் என்றால், திருகைக் கழற்றி வேறு பேட்டரி வைத்து சால்டர் பண்ணித் தரும் கடைகள் நம்ம ஊரில் உண்டு. பசை போட்டு ஒட்டிய லித்தியம் டார்ச்சில் அந்த வேலை சுலபமில்லை.

கழற்றி மாற்றும் பேட்டரி: எத்தனை வகை?

முதல் வகை லித்தியம் அயன். அதிகம் கிடைப்பது 18650. பெயரிலேயே அளவு இருக்கிறது: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். 21700 என்றால் 21 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம். முழு சார்ஜில் இவை 4.2 வோல்ட் காட்டும். கூடுதலாக ஒரு செல்லை சார்ஜ் போட்டு வைத்திருந்தால், ஒரு நிமிஷத்தில் மாற்றிவிடலாம்.

இரண்டாவது வகை, சுவர்க் கடிகாரத்தில் போடும் ஏஏ அளவு செல். இதிலேயே நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்ற ரீசார்ஜ் செல் கிடைக்கிறது. 1.2 வோல்ட். சார்ஜ் இல்லாவிட்டால் பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண செல்லையும் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். வெளிச்சம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் புயல் நேரத்துக்கு இதை நம்பலாம்.

ஒரு எச்சரிக்கை: 14500 என்ற லித்தியம் செல்லும் ஏஏ அளவில்தான் இருக்கும். ஆனால் அது 3.7 வோல்ட். ஏஏ செல்லுக்காக மட்டும் செய்த டார்ச்சில் போட்டால் லைட் எரிந்து போகலாம்.

'கழற்றலாம்' என்று எழுதியிருந்தால் போதுமா?

போதாது. சில டார்ச்சுகளில் பேட்டரி கழன்று வரும், ஆனால் அந்தக் கம்பெனி செல் மட்டும்தான் வேலை செய்யும். பிளஸ், மைனஸ் இரண்டும் ஒரே முனையில் இருக்கும்படி செய்திருப்பார்கள். அந்த மாடல் நின்றுபோனால் செல் கிடைப்பதும் கஷ்டம். எனவே சாதாரண செல் பொருந்துமா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

செல் வாங்கும்போது எங்கே உஷாராக இருக்கணும்?

18650 செல்லின் மேல் 9,900 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தால் நம்பவே வேண்டாம். நல்ல கம்பெனி செல்களே பெரும்பாலும் 3,500 எம்ஏஎச் அளவில்தான் நிற்கின்றன. பழைய லேப்டாப் பேட்டரியில் இருந்து எடுத்த செல்லுக்குப் புது உறை மாட்டி விற்பதும் நடக்கிறது.

லித்தியம் செல்லை சாவிக்கொத்து, சில்லறைக் காசோடு பாக்கெட்டில் போடக் கூடாது. இரு முனைகளும் உலோகத்தில் பட்டால் ஷார்ட் ஆகி தீப்பிடிக்கலாம். தனி பிளாஸ்டிக் டப்பா அவசியம். உறை கிழிந்த செல், உப்பிய பேட்டரி இரண்டையும் சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் செல்லுக்கு லித்தியம் சார்ஜர்தான். இரண்டு செல் போடும் டார்ச்சில் பழசையும் புதுசையும் கலக்க வேண்டாம்.

எவ்வளவு நேரம் எரியும்?

3,000 எம்ஏஎச் செல்லில் ஏறக்குறைய 11 வாட் அவர் மின்சாரம் இருக்கும். டார்ச் 1 வாட்டில் எரிந்தால் 8 மணி நேரத்துக்கு மேல் வரும். அதையே 10 வாட்டில் எரித்தால் ஒரு மணி நேரம்தான். கரண்ட் இல்லாத ராத்திரியில் குறைந்த வெளிச்சத்தில் வைப்பதே புத்திசாலித்தனம்.

அப்போ எதை வாங்கலாம்?

வீட்டுக்குள் அவ்வப்போது வரும் கரண்ட் கட்டுக்கு, உள்ளேயே பேட்டரி உள்ள டைப்-சி டார்ச் போதும். ஆனால் சில மலிவு மாடல்களில் இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறாது. பழைய மாதிரி யுஎஸ்பி கேபிள் ஒன்றைக் கூடவே வைத்திருங்கள்.

ராத்திரி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள், காவல் வேலை பார்ப்பவர்கள், கடலுக்குப் போகிறவர்களுக்கு, தினமும் பயன்படுத்துவதால் செல் மாற்றும் டார்ச்தான் லாபம். தண்ணீரில் விழ வாய்ப்பிருந்தால் ஐபிஎக்ஸ் 7 என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம் தாங்கும் என்று அர்த்தம்.

புயல் அடிக்கும் ஊர்களில், சார்ஜ் டார்ச்சோடு ஏஏ செல் டார்ச் ஒன்றையும் சேர்த்து வைப்பது நல்லது. செல்லை டார்ச்சுக்குள் போட்டு வைக்காமல் தனியாக வைத்தால், கசிந்து கெடுவதைத் தவிர்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயனாளரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். சில சாதனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்தியாவில் 2022ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, செத்த பேட்டரியை வீட்டுக் குப்பையோடு கலந்து போடக் கூடாது. மறுசுழற்சிக்கு வாங்குபவர்களிடம் தனியாகக் கொடுக்க வேண்டும்.

எந்த டார்ச்சாக இருந்தாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து எரியவிட்டு சார்ஜ் போடுங்கள். பேட்டரி செத்துப்போச்சு என்பது புயல் அன்றைக்குத் தெரிவதைவிட, செப்டம்பரிலேயே தெரிந்தால் மாற்ற நேரம் இருக்கும்.