முறைக்காய்ச்சலும் லயத்து வீடும்

மலாயாவில் நம் மக்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கப்பலிலிருந்து தொடங்குவர். ரப்பர் விலையின் ஏற்றத்தாழ்வு, சட்டங்கள், வேலைநிறுத்தங்கள், தலைவர்களின் வருகை ஆகியவற்றை வரிசையாகக் கூறிச் செல்வர். அவை யாவும் வேண்டியனவே. ஆயின், குடும்பத்தின் சரித்திரத்திற்கு வேறொரு பஞ்சாங்கம் உண்டு. "மூத்தவனுக்குக் காய்ச்சல் கண்ட வருஷம்", "அம்மா பிள்ளைப்பேற்றில் போன வருஷம்" என்றே வீடுகளில் ஆண்டுகள் எண்ணப்பட்டன. நோய் புகுந்தபோது ஒரு தோட்டத்துக் குடும்பம் அதை எவ்வாறு தாங்கிற்று என்பதைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி வீண்வேலை அன்று. நம் முன்னோருள் அத்தனை பேர் தோட்டங்களில் மாண்டது ஏன் என்று வினவினால், இரண்டு விடைகளை இன்றும் கேட்கலாம். ஒன்று, தலைவிதி. மற்றொன்று, அவர்களுடைய அசுத்தம். முன்னதைப் பாமரர் கூறுவர்; பின்னதை ஆங்கிலம் கற்ற நம்போன்றோர் கூறுவர். இவ்விரண்டு விடைகளையும் சரித்திரத்தின்முன் நிறுத்திப் பார்ப்போம்.

சுழியும் காசும்

மலேரியாவை நம் மக்கள் குளிர்காய்ச்சல் என்றும் முறைக்காய்ச்சல் என்றும் அழைத்தனர். ஒருநாள் விட்டு ஒருநாள் முறைவைத்து வருதலின் அப்பெயர் பெற்றது. முதலில் பற்கள் கிட்டும் நடுக்கம், பின்பு அனல், அதன்பின் வியர்வை, முடிவில் ஓய்ச்சல். மறுநாள் ஆள் எழுந்து நடமாடுவான். அதற்கடுத்த நாள் மீண்டும் பாயில் கிடப்பான். முறை பாராது மூளையைத் தாக்கிச் சில நாட்களிலேயே கொன்றுவிடும் கொடிய வகையும் ஒன்று இருந்தது. கொல்லாது விட்ட வகையும் இரத்தத்தை வற்றச் செய்தது. குழந்தைகளின் வயிற்றில் இடப்பக்கம் கைக்குத் தட்டுப்பட்ட கட்டி, இந்நோயால் வீங்கிய மண்ணீரலேயாகும். சூல்கொண்ட பெண்களுக்கோ கருச்சிதைவும் குறைப்பிரசவமும் நேர்ந்தன.

இத்தகைய நோய் நாட்கூலியை நம்பிய வீட்டில் புகுந்தால் நேர்வது யாது? விடியுமுன் பெரட்டு. கங்காணி பெயர் கூப்பிடுவார்; கிராணி செக்குரோலில் குறிப்பார். வந்தவனுக்கு ஒரு நாள், வராதவனுக்குச் சுழி. 1920களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில், ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நிர்ணயக் கூலியாக இருந்தன. இருவரும் வெட்டுக்குப் போனால் வீட்டிற்கு 90 காசு. கணவன் படுத்தால் 40 காசு. அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க மனைவியும் நின்றுவிட்டால் ஒன்றுமில்லை. ஆகவே நோயாளியின் அருகில் இருப்பதா, நோயாளிக்கு அரிசி தேடுவதா என்னும் கேள்வி அவ்வீட்டில் ஒவ்வொரு விடியலிலும் எழுந்தது. பெரும்பாலும் அரிசியே வென்றது. கூஜாவில் நீர் வைத்து, பாயருகே பெரிய குழந்தையை உட்கார்த்திவிட்டு, தாய் பால்வாளியை எடுத்துக்கொண்டு போனாள். அந்தக் குழந்தையின் பள்ளிக்கூடம் அன்றோடு நின்றதும் உண்டு.

கங்காணிக்கும் இதில் நஷ்டம் இருந்தது. தன் ஆட்கள் வேலைக்கு வந்த நாட்களைக் கணக்கிட்டு அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆள் படுத்தால் தலைக்காசும் படுத்தது. நோயாளியைக் கூவி எழுப்பிப் பெரட்டுக்கு இழுத்த கங்காணியைக் கொடியவர் என்று மட்டும் கூறிவிடுதல் எளிது. அவரைக் கொடியவராக்கிய ஏற்பாட்டையும் சேர்த்தே காணவேண்டும்.

தெளிந்த ஓடையில் வந்த யமன்

கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமி இருப்பதை ரோனால்ட் ராஸ் என்னும் மருத்துவர் 1897இல் செகந்தராபாத்தில் கண்டார். கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் 1900இல் தோன்றிற்று. 1901இல் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். அவ்வாண்டு செப்டம்பரில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் கிள்ளான் துறைமுகம். திறந்த சில வாரங்களுக்குள் அங்கு வேலை செய்தோரும் அவர்தம் குடும்பத்தாரும் கொத்துக்கொத்தாகக் காய்ச்சலில் விழுந்தனர். துறைமுகத்தை மூடிவிடலாமா என்னும் யோசனை பிறக்கும் அளவிற்கு நிலைமை முற்றியது. வாட்சன் காட்டை வெட்டச் செய்து, சதுப்பு நீரை வாய்க்கால் வழியே வடியவிட்டார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் விரைவில் தணிந்தது.

இனி வருவதே நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்க பகுதி. கடலோரச் சமவெளியில் நோய் பரப்பிய கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் வளர்வது. காட்டை வெட்டி வெயில் பாய்ச்சினால் அஃது ஒழியும். ரப்பர் விலை உச்சிக்கு ஏறிய 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோட்டங்கள் குன்றுகளின்மேல் ஏறின. அங்கும் காட்டை வெட்டினர், வெயில் பாய்ந்தது. காய்ச்சலோ குறையவில்லை, பெருகிற்று. குன்றுப் பகுதியில் வேறொரு கொசு இருந்தமையே காரணம். அனோபிலஸ் மாக்குலேட்டஸ் என்னும் அக்கொசு நிழலை வெறுப்பது. வெயில் படும் தெளிந்த ஊற்றுநீரிலும் ஓடையிலும் முட்டையிடுவது. காடு மூடியிருந்தவரை அதற்கு இடமில்லை. காட்டை அழித்தபோது மனிதரே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தனர். லயங்களோ நீர் வசதியை நாடி ஓடைகளின் அருகிலேயே கட்டப்பட்டன.

அசுத்தத்தால் மாண்டனர் என்போர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். சீதபேதிக்கும் கொக்கிப்புழுவிற்கும் கழிவிடம் இல்லாமையும் கெட்ட நீரும் காரணங்கள் என்பது உண்மையே. அங்கும் கழிவிடம் கட்டித் தருவதும் நல்ல நீர் தருவதும் கூலிக்காரனின் கையிலா இருந்தன? மலேரியாவைப் பொறுத்தவரை, வாசலைப் பெருக்கிச் சாணம் தெளித்துக் கோலமிட்ட வீட்டையும் அக்கொசு விடவில்லை. குப்பையை அது நாடவில்லை. அது வந்த நீர் கண்ணாடிபோல் தெளிந்தது. தாய் தன் குழந்தையைக் குளிப்பாட்டிய அதே ஓடையிலிருந்துதான் அக்குழந்தையின் காய்ச்சலும் வந்தது. அவள் செய்த குற்றம் யாது?

விதி என்போர்க்கும் விடை இங்கேயே உண்டு. பூமிக்கடியில் குழாய் பதித்து ஊற்றுநீரை வெளிப்படாது வடித்த இடங்களிலும், தவறாது ஓடைகளுக்கு எண்ணெய் தெளித்த இடங்களிலும் காய்ச்சல் இறங்கியது. எண்ணெய் டின்னை முதுகில் சுமந்து வாய்க்கால் வாய்க்காலாக நடந்த தொழிலாளியின் பெயரை எந்த நூலும் பதிவு செய்யவில்லை. நம் மதிப்பில், தோட்டத்துக் காவல் தெய்வம் என்று யாரையேனும் சொல்லவேண்டின் அவரையே சொல்லவேண்டும். எண்ணெய் தெளித்தால் விலகுவது விதியாகுமா? குழாய்க்குச் செலவிட மனம் கொண்ட தோட்டத்தில் குழந்தைகள் பிழைத்தனர். செலவைக் கடத்திய தோட்டத்தில் மாண்டனர். இதில் விதிக்கு என்ன வேலை?

தாங்கிய தோள்கள்

ஊரில் ஒருவர் படுத்தால் பாட்டி உண்டு, அத்தை உண்டு, பங்காளி உண்டு. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் இச்செல்வத்தைக் கரையில் விட்டே வந்தனர். லயத்து அறையில் கணவன், மனைவி, குழந்தைகள், அவ்வளவே. ஆதலின் எதிர்பாராத இடி விழுந்தபோது தாங்கிய முதல் தோள் பெண்ணின் தோள். வெட்டுக்குச் சென்று, பால் எடுத்து, மாலையில் டிரெசரிடம் மருந்து வாங்கி, இரவில் நோயாளியின் தலைமாட்டில் விழித்திருந்து, மறுநாள் விடியுமுன் மீண்டும் பெரட்டுக்கு நின்றவள் அவள். அவளுடைய கூலியோ ஆணின் கூலியைவிட 10 காசு குறைவு.

இரண்டாவது தோள் பக்கத்து அறையினுடையது. சாதிவாரியாக லயங்களைப் பிரித்து வைத்த தோட்டங்கள் இருந்தன என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஊரில் ஒரு கிணற்றில் நீர் எடுக்காதவர்கள் இங்கும் வேலி போட முயன்றனர். ஆயினும் காய்ச்சல் வேலியை மதிக்கவில்லை. நடுச்சாமத்தில் குழந்தை வலித்து இழுக்கும்போது, பக்கத்துக் கதவைத் தட்டும் தாய் சாதி கேட்டுத் தட்டுவதில்லை. அவ்வாறு தட்டப்பட்ட கதவுகள் எத்தனை திறந்தன என்பதற்குக் கணக்கு இல்லை. திறந்த கதவுகளே இந்நாட்டில் நம் சமுதாயம் என்று ஒன்று உருவாகக் காரணமாயின என்பது நமது துணிபு. சீர்திருத்த மேடைகள் பின்னர் எடுத்துரைத்ததை இக்கதவுகள் முன்னரே செய்து காட்டின.

கொயினாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல தோட்டங்களில் பெரட்டிலேயே அக்கசப்பு நீரை ஊற்றிக் கொடுத்தனர். அதைத் துப்பியவர்களை அறிவிலிகள் என்று எழுதி வைத்தவர் உண்டு. அது காதில் இரைச்சலையும் தலைச்சுற்றலையும் உண்டாக்கும். அந்நிலையில் மேட்டில் ஏறி மரம் வெட்டவேண்டியவன் அதைத் துப்பியதற்கு அறியாமை ஒன்றே காரணம் ஆகாது.

அடுக்கி வந்த இடிகள்

முறைக்காய்ச்சல் தெரிந்த பகை. தெரியாத பகைகளும் வந்தன. 1918இல் உலகெங்கும் பரவிய இன்புளுவன்சா மலாயாவின் லயங்களிலும் புகுந்தது. அஃது இளவயதினரையே மிகுதியாகக் கொன்றமையால், சம்பாதிக்கும் கைகளே முதலில் விழுந்தன.

1930இல் ரப்பர் விலை வீழ்ந்தது. நிர்ணயக் கூலி ஆணுக்கு 40 காசாகவும் பெண்ணுக்கு 32 காசாகவும் இறங்கிற்று. பல்லாயிரக்கணக்கானோர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். நோயால் வலுவிழந்தவனுக்குத் தோட்டத்தில் இடம் கிடைப்பது அரிதாயிற்று. பல ஆண்டு உழைப்பில் மண்ணீரல் வீங்கியவன், அந்த வீக்கத்தையே சம்பாத்தியமாகச் சுமந்து கப்பலேறினான்.

மூன்றாவது இடி யுத்தம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தபாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. எண்ணெய் தெளிப்பது நின்றது, வாய்க்கால்கள் தூர்ந்தன, கொயினா கிடைப்பது அரிதாயிற்று, மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. தோட்டத்து ஆண்கள் திரள் திரளாகச் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. சென்றவர்களுள் பெருந்தொகையினர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மடிந்தனர். லயத்தில் காத்திருந்த மனைவிக்குச் சேதி சொல்வார் எவருமில்லை. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்பதே அறியாது ஆண்டுகளைக் கழித்த பெண்களின் துயரத்தை எந்தச் செக்குரோல் காட்டும்?

செக்குரோல் சொல்லாதது

யுத்தத்திற்குப் பின் டி.டி.டி. தெளிப்பும் குளோரோகுயின் மருந்தும் வந்தன. தொழிலாளர் சட்டம் 1955இல் இயற்றப்பட்டது. நாடு தழுவிய மலேரியா ஒழிப்புத் திட்டம் 1967இல் தொடங்கிற்று. சிங்கப்பூர் 1982இல் மலேரியா அற்ற நாடென அறிவிக்கப்பட்டது. மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்கு உள்ளூரிலேயே பரவும் மலேரியா 2018 முதல் காணப்படவில்லை. காட்டுக் குரங்குகளிடமிருந்து வரும் மலேரியா மட்டும் இன்னும் உண்டு. நம் பாட்டன்மார் எந்த நோயை விதி என்று நம்பி மடிந்தனரோ, அந்த நோய் நூறாண்டுக்குள் ஒழிக்கப்பட்டது. விதியாயின் ஒழியுமா?

இங்குக் கட்டுரையை முடித்திருக்கலாம். ஆயின் செக்குரோல் எழுதும் கை நம்முடையது. ஆதலின் ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அன்றைய கிராணிகள் நேர்மையாகவே சுழியிட்டனர். வராதவன் வரவில்லை, அதில் பொய்யில்லை. ஏன் வரவில்லை என்று எழுதத்தான் அந்த ஏட்டில் இடம் விடப்படவில்லை. அந்த இடமின்மைக்குள் ஒரு தலைமுறையின் நோயும் கடனும் குழந்தைச் சாவும் மறைந்து போயின.

இன்று தோட்டங்களில் நம்மவர் தொகை குறைந்துவிட்டது. இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தோர் அந்த இடத்தில் உழைக்கின்றனர். அவர்களும் பாட்டியையும் அத்தையையும் கடலுக்கு அப்பால் விட்டு வந்தவர்கள். அவர்களுள் ஒருவன் படுத்தால், அவனைச் சோம்பேறி என்றும் அசுத்தன் என்றும் முதலில் சொல்லும் வாய் சிலபோது தமிழ் வாயாகவே இருக்கிறது. நம் பாட்டன்மாரைப் பற்றிப் பிறர் சொன்ன சொல் அதுவே அன்றோ?

அன்பர்களே, வீட்டில் முதியோர் இருப்பின் அவர்களிடம் காய்ச்சல் கண்ட வருஷங்களைக் கேட்டு எழுதி வையுங்கள். யார் கஞ்சி கொடுத்தார், எந்தக் கதவு திறந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நாளை விடியலில் பெரட்டில் ஒருவன் வராவிடின், சுழியிடுமுன் அவன் அறைக்கு ஓர் ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்வோம். அதற்குப் பிடிக்கும் நேரம் கால்மணிக்கும் குறைவே.