ஸ்ரைன்ஹாகனின் கற்போத்தலும் எங்கட பனையும்

கோடை விடுமுறைக்குக் கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வரும் உறவினர்களுக்கு இப்போது ஒரு புது ஆசை. "ஒரு வானைப் பிடிச்சு, பகல் முழுக்க நாட்டுப்புறத்து வைன் தோட்டங்களைச் சுத்திப் பாப்பமே" என்கிறார்கள். ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு நயாகரா பக்கம் போய்ப் பழக்கம். ஜேர்மனி என்றால் மூலைக்கு மூலை திராட்சைத் தோட்டம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

பீலெஃபெல்டில் இருக்கிற எங்களுக்கு இது சங்கடம். ஜேர்மனியில் வைனுக்கென்று சட்டப்படி வகுத்த பிரதேசங்கள் 13. அதில் ஒன்றுகூட எங்கள் வெஸ்ற்பாலன் பகுதிக்குள் இல்லை. வெய்யில் காணாது, மழை கூட. இதே மாநிலத்துக்குள் திராட்சைக் கொடி பார்க்க வேண்டும் என்றால் பொன் நகரத்துக்கு அருகே கோனிக்ஸ்வின்ரர் மலைச்சரிவுக்குப் போக வேண்டும். இன்னும் கொஞ்சம் தெற்கே ஆர் பள்ளத்தாக்கு இருக்கிறது. 2021 யூலை வெள்ளம் கொண்டுபோன இடம் அதுதான். காலையில் வெளிக்கிட்டால் இரவுதான் வீடு. (பீலெஃபெல்ட் என்று ஒரு ஊரே இல்லை என்று ஜேர்மன்காரர் 1994 இல் இருந்து பகிடி விடுகிறார்கள். இல்லாத ஊரில் வைன் எங்கே இருக்கப் போகிறது!)

ஆனால் குடிவகையின் வரலாறு பார்க்கத்தான் ஆசை என்றால் அவ்வளவு தூரம் அலையத் தேவையில்லை. பீலெஃபெல்டில் இருந்து மேற்கே பத்துக் கிலோமீற்றர் வரையில், ரொய்ரோபூர்க் காட்டு மலைத்தொடரின் மற்றப் பக்கத்து அடிவாரத்தில் ஸ்ரைன்ஹாகன் என்று ஒரு சிறு ஊர் இருக்கிறது. 1886 இல் போட்ட 'ஹாலர் வில்லெம்' பாதையில் ஓடும் ரெயின் அங்கே நிற்கும். அந்த ஊரின் பெயரால்தான் 'ஸ்ரைன்ஹேகர்' என்ற சாராயத்துக்குப் பெயர் வந்தது. மண்ணிறத்தில், நீளமாக, உருளையாக, கழுத்துக் குறுகிய கற்பாண்டப் போத்தலில் வரும். பழைய ஜேர்மன் கிழவர்களின் வீட்டு அலுமாரியில் கண்டிருப்பீர்கள். எங்கட ஆட்கள் சிலர் அதைப் பூச்சாடி என்று நினைத்து வாங்கிவந்து வைத்திருக்கிறார்கள். அதுவும் அழகாய்த்தான் இருக்கிறது.

இந்தச் சாராயத்தின் உயிர் வக்கோல்டர் என்ற பற்றையின் பழம். ஜின்னுக்கு வாசம் கொடுக்கும் ஜூனிப்பர் அதுதான். ஊசி இலை, தொட்டால் குத்தும். பழம் பச்சையில் இருந்து கருநீலமாகப் பழுக்க இரண்டு மூன்று வருடம் எடுக்கும். மலையடிவாரத்துத் தரிசு நிலத்தில் ஆடு மேய்ந்த காலத்தில் இது தாராளமாக வளர்ந்தது. ஆடு மற்றச் செடிகளைக் கடித்துவிடும், முள் என்பதால் இதை விட்டுவிடும். பிறகு ஆடு மேய்ப்பது குறைய, மரங்கள் வளர்ந்து நிழல் விழ, வக்கோல்டர் ஒதுங்கிப் போனது. இப்போது வடிக்கிற பழம் வெளியில் இருந்துதான் வருகிறது.

ஜின்னுக்கும் இதற்கும் செய்முறையில் ஒரு வித்தியாசம் உண்டு. ஜின் செய்பவர்கள் காய்ந்த பழத்தை மதுசாரத்தில் போட்டு வாசம் எடுப்பார்கள். ஸ்ரைன்ஹாகனில் பழத்தை நசித்து, தண்ணீரோடு புளிக்கவிட்டு, அந்தப் புளித்த கூழையே முதலில் ஒருதரம் வடிப்பார்கள். வருவது வீரியம் குறைந்த, வாசம் கூடிய ஒரு வடிநீர். அதைத் தானிய மதுசாரத்தோடு சேர்த்துத் திரும்பவும் வடித்தால் ஸ்ரைன்ஹேகர். முதலில் இதை வயிற்றுவலி மருந்தாகத்தான் சனம் குடித்தது. எங்கட ஊரிலும் முக்கால்வாசிப் பேர் "மருந்துக்குத்தான்" என்று சொல்லித்தான் தொடங்குவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

கதையின் முக்கியமான ஆண்டு 1688. அந்த ஆண்டில் பிராண்டன்பேர்க்கின் ஆட்சியாளர் பிரீட்றிஷ் வில்ஹெல்ம், ரவென்ஸ்பேர்க் நாட்டுப்புறத்தில் சாராயம் வடிக்கும் உரிமையை ஸ்ரைன்ஹாகனுக்கு மட்டும் கொடுத்தார். மற்றக் கிராமங்களுக்குத் தடை. தானியம் வீணாகக் கூடாது, வரி ஓரிடத்தில் சேர வேண்டும் என்பதுதான் இப்படியான உத்தரவுகளின் கணக்கு. சலுகை கிடைத்த ஊர் பிழைத்துக்கொண்டது. இன்றும் பெயர் சொல்லப்படும் 'ஷ்லிஷ்ற்ர' வடிசாலை 1766 இல் தொடங்கியது. 19 ஆம் நூற்றாண்டில் இந்தச் சின்ன ஊரில் இருபது வரையான வடிசாலைகள் புகைந்தன. இன்று மிஞ்சியிருப்பவற்றை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

இந்தப் பிரீட்றிஷ் வில்ஹெல்மைப் பீலெஃபெல்ட்காரருக்குத் தெரியாமல் இருக்காது. ஸ்பாரென்பேர்க் கோட்டை முற்றத்தில் சிலையாக நிற்கிறார். சரித்திரத்தில் அவருக்குப் 'பெரிய தேர்வாளர்' என்று பட்டம். 1640 இல் பதவிக்கு வந்தவர், 1688 மே மாதம் இறந்து போனார். முப்பதாண்டுப் போரில் நொந்துபோன நாட்டை ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு தொழிலைப் பிரித்துக் கொடுத்து நிமிர்த்தப் பார்த்தார். 1678 இல் பீலெஃபெல்டில் 'லெக்க' என்று ஒரு பரிசோதனைச் சாவடி வைத்தார். சுற்றுவட்டாரக் கிராமங்களில் நெய்யும் லினன் துணியெல்லாம் அங்கே வந்து, அளந்து, தரம் பார்த்து, முத்திரை குத்தித்தான் விற்பனைக்குப் போக வேண்டும். பீலெஃபெல்ட் லினன் என்ற பெயர் உலகம் முழுக்கப் போனதற்கு அந்த முத்திரையும் ஒரு காரணம். நெய்தவன் குடிசையில்தான் இருந்தான், நகரத்து வியாபாரி மாடி கட்டினான். பழைய நகரத்துக்குள் போனால் அந்த வியாபாரிகளின் வீட்டு முகப்புகளைப் படம் எடுக்கலாம். நெய்தவர்களின் குடிசையைப் படம் எடுக்க வழியில்லை.

இதே மனிதர் இன்னொரு காரியமும் செய்தார். அகதி என்ற முறையில் எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. 1685 ஒக்ரோபரில் பிரான்சின் மன்னர் பதினான்காம் லூயி, புரட்டஸ்தாந்து மதத்தவருக்கு இருந்த பாதுகாப்பை இரத்துச் செய்தார். சில வாரங்களுக்குள் பிரீட்றிஷ் வில்ஹெல்ம் பொற்ஸ்டாம் கட்டளையை வெளியிட்டார். ஓடிவரும் ஹியூகநோக்கள் தன் நாட்டில் தாங்கள் விரும்பிய இடத்தில் குடியேறலாம், வீடு கட்ட மரமும் கல்லும் தரப்படும், சில வருடங்களுக்கு வரி இல்லை, தொழிற்குழுக்களில் சேரலாம், தங்கள் மொழியில் வழிபடலாம். இருபதாயிரம் பேர் வரை வந்தார்கள். கருணை மட்டும் இதற்குக் காரணமல்ல. அவரும் அந்த மதப்பிரிவைச் சேர்ந்தவர், ஆட்கள் குறைந்துபோன நாட்டுக்குக் கைத்தொழில் தெரிந்த ஆட்களும் தேவைப்பட்டார்கள். ஆனாலும் "நீ விரும்பிய இடத்தில் இரு" என்று ஒரு அரசன் அகதிக்குச் சொன்ன கடதாசி அது.

இப்போது எங்கட கதைக்கு வாருங்கள். எண்பதுகளில் கிழக்கு பேர்லின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்குக்குள் நுழைந்து, பிறகு எந்த ஊருக்கு அனுப்பினார்களோ அந்த ஊரில் இருந்தவர்கள் நாங்கள். 1982 இல் வந்த அகதிகள் நடைமுறைச் சட்டம், விண்ணப்பம் முடிவாகும் வரை ஒருவர் தனக்குக் குறித்த நிர்வாக எல்லையை விட்டு அனுமதி இல்லாமல் வெளியேறக் கூடாது என்றது. பீலெஃபெல்ட் தனி மாநகரம். ஸ்ரைன்ஹாகன் குற்றர்ஸ்லோ மாவட்டம். அதாவது, நான் முன்னே சொன்ன அந்தப் பத்துக் கிலோமீற்றருக்குள் ஒரு எல்லை ஓடுகிறது. மலையின் இந்தப் பக்கம் நடக்கலாம், அந்தப் பக்கம் இறங்கினால் குற்றம். முதல்தரம் தண்டம், திரும்பவும் பிடிபட்டால் வழக்கு. அறிந்த பெடியன் ஒருவன் பக்கத்து மாவட்டத்தில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய் வரும் வழியில் பிடிபட்டு, அந்த மாதக் கைச்செலவுக் காசு முழுவதையும் தண்டமாகக் கட்டினான். இந்த விதி நாடளாவத் தளர்ந்தது 2015 இல்தான். அப்போது பெரும்பாலானவர்களுக்கு அது முதல் மூன்று மாதத்தோடு நிற்கும் என்று ஆக்கினார்கள். 1685 ஐயும் 1982 ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முன்னூறு வருடத்தில் எது முன்னேறியது என்று எனக்கு விளங்கவில்லை.

பெரிய தேர்வாளரைத் தலையில் தூக்கி வைக்கவும் முடியாது. 1682 இல் ஆபிரிக்கக் கம்பனி ஒன்றைத் தொடங்கியவரும் அவர்தான். அடுத்த ஆண்டு இன்றைய கானாக் கரையில் ஒரு கோட்டை கட்டி, அங்கிருந்து பல்லாயிரம் கறுப்பின மக்களைப் பிடித்து அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் விற்றார்கள். அவருடைய பேரன் அந்தக் கோட்டையை 1717 இல் விற்றது ஒல்லாந்தருக்கு.

ஒல்லாந்தர் என்றதும் எங்கட ஊர் வந்துவிடுகிறது. ஸ்ரைன்ஹாகனுக்கு உரிமை கிடைத்த 1688 இல் யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்தவர்கள் அவர்கள். 1658 இல் போர்த்துக்கேயரிடம் பிடித்து, 1795 இல் ஆங்கிலேயரிடம் கொடுக்கும் வரை இருந்தார்கள். வக்கோல்டர் பழச் சாராயத்தை அவர்கள் 'யெனேவர்' என்பார்கள். அதுவும் இதேபோலக் கற்பாண்டப் போத்தலில்தான் வரும். எங்கட பனை அவர்களுக்கு முதலில் மரம். வளையும் சலாகையும் கப்பலேறின. சாராயமோ குத்தகை. யார் கூடக் கேட்கிறானோ அவனுக்கு விற்கும் உரிமை. ஆங்கிலேயரும் அந்தக் குத்தகையை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 19 ஆம் நூற்றாண்டில் தென்னிலங்கையின் பெரிய பணக்காரக் குடும்பங்கள் பல சாராயக் குத்தகையில் எழும்பியவை என்பதைக் குமாரி ஜயவர்தன விரிவாக எழுதியிருக்கிறார். 1912 இல் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்து பழைய குத்தகை முறை போனது, தவறணைகள் வந்தன. மதுவிலக்கு இயக்கமும் அதே காலத்தில்தான் சூடு பிடித்தது.

ஸ்ரைன்ஹாகனில் வடித்தவனுக்கு ஊர்ப் பெயர் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் மரம் ஏறியவனுக்கு என்ன கிடைத்தது? தளநார் போட்டு, ஒரு நாளில் இரண்டு தரம் ஏறி, பாளை சீவி, முட்டி கட்டி இறக்கியவன் அவன். சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கினால் கருப்பணி, பூசாமல் இறக்கினால் கள். அவன் இறக்கிய கள்ளைப் பிளாவில் வாங்கிக் குடித்த மனிசன், அவனைத் தன் வீட்டுப் படி ஏற விடவில்லை. தேநீர்க் கடையில் அவனுக்குத் தனிப் போத்தல், கோவில் வாசலில் அவனுக்குக் கதவடைப்பு. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டி வந்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' 1972 இல் வந்தபோது பலருக்குக் கசந்ததற்குக் காரணம் அதில் பொய் இருந்தது அல்ல.

எழுபதுகளில் கள் இறக்குவோருக்கான கூட்டுறவுச் சங்கங்கள் வந்ததை நான் ஒரு திருப்பமாகவே பார்க்கிறேன். தவறணைக்காரனின் தயவில் இருந்தவன் சங்க அங்கத்தவன் ஆனான். இறக்கிய அளவுக்குக் காசு, பெயரில் ஒரு புத்தகம். 1978 இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. வடமராட்சியில் திக்கம் வடிசாலையில் பனஞ்சாராயம் வடித்தார்கள். பிறகு போர். பனைகள் காப்பரண் கட்டத் தறிக்கப்பட்டன, செல் பட்டுத் தலை போயின. வடிசாலையும் அழிந்தது. போர் முடிந்தபிறகு அதைத் தனியாரிடம் கொடுப்பதா, சங்கங்களே நடத்துவதா என்று நடந்த இழுபறியைப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். என்னைக் கேட்டால், மரம் ஏறுகிறவனுக்குப் பங்கு இல்லாத எந்த ஏற்பாடும் பழைய குத்தகைக்கு வெள்ளையடித்த வேலைதான்.

இங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். 1989 இல் ஐரோப்பிய ஒழுங்குவிதி ஒன்றில் ஸ்ரைன்ஹேகர் என்ற பெயர் ஏறியது. அன்றுமுதல் அந்த ஊர் எல்லைக்குள் வடித்தால் ஒழிய அந்தப் பெயரைப் போத்தலில் ஒட்ட முடியாது. சந்தை படுத்துவிட்டது, இளம் ஆட்கள் இதைத் தொடுவதில்லை, தானியச் சாராயத்துக்கு அரசு கொடுத்த முட்டும் இல்லை. ஜேர்மனியின் மதுசார ஏகபோகச் சட்டமும் 2017 முடிவோடு போய்விட்டது. ஆனால் பெயர் ஊரோடு இருக்கிறது.

ஆகவே வானுக்கு வாடகை கொடுக்க முதல் சொல்கிறேன். பீலெஃபெல்ட் நிலையத்தில் ஹாலர் வில்லெமில் ஏறுங்கள். பிராக்வேட, குவெல்ல தாண்டியதும் ஸ்ரைன்ஹாகன். ஊருக்குள் வடிசாலைகளின் பழைய கட்டடங்களையும் ஊர் நூதனசாலையையும் பாருங்கள். வடிசாலையை உள்ளே பார்க்க வேண்டும் என்றால் முதலே தொலைபேசியில் கேட்டு நாள் குறிப்பது நல்லது. ஸ்ரைன்ஹேகரை நன்றாகக் குளிரவிட்டுச் சின்னக் கண்ணாடியில் தருவார்கள், பக்கத்தில் பியர் வைப்பது வெஸ்ற்பாலன் வழக்கம். கார் ஓட்டுபவர் வாசத்தோடு நிற்கட்டும். வரும்போது ஒரு கற்போத்தல் வாங்கி, அதன் முகப்பில் ஊர்ப் பெயர் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பாருங்கள். போன மாதம் எங்கட கடை ஒன்றில் ஊரில் இருந்து வந்த பனங்கள்ளுப் போத்தல் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏற்றுமதி செய்தவரின் கொழும்பு விலாசம் இருந்தது, இறக்குமதி செய்தவரின் விலாசம் இருந்தது. எந்த ஊர்ப் பனை என்று ஒரு சொல் இருக்கவில்லை.