பலெர்மோவில் சித்திரம் பயின்றோர்

பலெர்மோ நகரத்துப் பொலித்தெயாமா நாடகசாலையின் முன்றிலிலிருந்து வடமேற்கே நீண்டு செல்லும் லிபெர்த்தா வீதி, 1848ஆம் ஆண்டுப் புரட்சியின்போது ருஜ்ஜேரோ செத்திமோவின் அரசாங்கம் வகுத்த வீதியாகும். புரட்சி மறு ஆண்டே அடக்கப்பட்டது. வீதி மட்டும் எஞ்சிற்று. 1891 நவம்பரில் அதன் அருகே தேசியக் கண்காட்சி திறக்கப்பட்டபோது மண்டபங்களை அமைத்த எர்னெஸ்தோ பசீலே என்னும் கட்டடக் கலைஞர், பின்னர் ஃப்ளோரியோ குடும்பத்தார்க்கும் தெலியெல்லா பிரபுவுக்கும் இந்நகரத்தில் அலங்கார மாளிகைகளை எழுப்பினார். 1910இல் நாடகசாலைக் கட்டடத்திலேயே நவீன ஓவியக்கூடமும் நிறுவப்பட்டது. தெலியெல்லா மாளிகையை 1959 நவம்பரில் இடித்துத் தள்ளினார்கள். அழகைப் போற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் நகரங்கள் செய்யும் காரியங்களுக்கு அது ஓர் உதாரணம்.

ஆயினும், சித்திர உபாத்தியாயராகும் நோக்கத்தோடு கற்றுவரும் எனக்கு, இம்மாளிகைகளை யார் கட்டினார் என்பதிலும், அக்காலத்தில் இந்நகரத்துப் பிள்ளைகளில் யார் யார் சித்திரம் கற்க முடிந்தது என்பதே பெரிய விஷயமாகப் படுகிறது.

ஏழைப் பிள்ளைக்கு அன்று இருந்த சித்திரசாலை, சிசிலியின் வண்ண வண்டிகளுக்குப் பூச்சு வேலை செய்த பட்டறையே. அயலூரான பகேரியாவில் பிறந்த ரெனாதோ குத்தூசோ, தேசப் புகழ்பெற்ற ஓவியராவதற்கு முன்னர், எமீலியோ முர்தோலோ என்னும் வண்டி ஓவியரின் பட்டறையில் சிறுவனாய்ப் பழகியவர். வண்ணம் கலப்பதும், அடிப்பூச்சுப் பூசுவதும், ஓரக் கோலம் இடுவதும், வீரர்களின் போர்க்காட்சியைத் தீட்டுவதும் வெவ்வேறு திறனை வேண்டுவன ஆகையால், பல தரத்துக் கைகளுக்கும் அங்கே வேலை இருந்தது. ஆனால் பட்டறைக்குள் யார் வரலாம் என்பதை நிர்ணயித்தவர் அதன் தலைவரே. அதை எல்லார்க்கும் உரிய பள்ளி என்று புகழ்வது மிகை.

பள்ளிக்கூடத்தின் கதையோ வேறு. கத்தானியாவில் பிறந்த ஜூசெப்பே லொம்பார்தோ ரதீச்சே என்னும் கல்வியாளர், 1923இல் இத்தாலியின் ஆரம்பப் பள்ளிகளுக்கு வகுத்த பாடத்திட்டத்தில், பார்த்து எழுதும் பழக்கத்துக்கு மாறாகக் குழந்தை தானே விரும்பி வரையும் சித்திரத்துக்கு இடமளித்தார். ஆனால் அதே ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் குருடர்க்கும் செவிடர்க்கும் கல்வியைக் கட்டாயமாக்கியபோது, அவர்களைத் தனி ஸ்தாபனங்களுக்கே அனுப்பிற்று. 1962 டிசம்பரில் வந்த சட்டம், பதினொன்று முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் யாவர்க்கும் ஒரே நடுநிலைப் பள்ளியை ஏற்படுத்திச் சித்திரக் கல்வியையும் அதில் சேர்த்தது. ஆயினும் பின்தங்கியோர்க்கெனப் பிரத்தியேக வகுப்புகளையும் அச்சட்டமே அனுமதித்தது. கதவைத் திறந்த கையே உள்ளே ஒரு தடுப்பையும் கட்டிற்று என்று சொல்லுதல் தவறாகாது.

அத்தடுப்பை நீக்கியது 1977 ஆகஸ்டு 4ஆம் நாள் வெளியான 517ஆம் இலக்கச் சட்டம். அங்கவீனமுள்ள பிள்ளைகளைப் பொது வகுப்பிலேயே அமர்த்தி, அத்தகைய வகுப்பில் இருபதுக்கு மேற்பட்ட மாணாக்கர் இருத்தலாகாதென விதித்து, அவர்களுக்கென விசேஷப் பயிற்சி பெற்ற துணையாசிரியரையும் அது வகுப்புக்குள் கொணர்ந்தது. அவ்வாசிரியர் ஒரு பிள்ளையின் பக்கத்தில் நிற்கும் காவலர் அல்லர், வகுப்பு முழுமைக்கும் மற்ற ஆசிரியரோடு ஒத்த பொறுப்புடையவர் என்பதை 1992ஆம் ஆண்டின் 104ஆம் சட்டம் தெளிவாக்கிற்று. என் அபிப்பிராயத்தில், இத்தாலியர் உலகத்துக்கு அளித்த கல்விக் கொடைகளில் இதனினும் சிறந்தது வேறில்லை.

சட்டம் பிள்ளையை வகுப்பில் அமர்த்தும். தாளின்மேல் அவன் கையை ஓடவைப்பது உபாத்தியாயரின் கிருத்தியம். கை நடுங்குபவனுக்குத் தாளின் நான்கு மூலைகளையும் மேசையில் ஒட்டித் தடித்த தூரிகை கொடுக்கலாம். பார்வை குன்றியவள் விரலால் தடவியறியக் கோட்டின்மேல் நூலைப் பசையிட்டுப் பதிக்கலாம். இத்தாலிய மொழி இன்னும் வசப்படாத பிள்ளைக்குச் செய்முறையைப் படங்களால் காட்டலாம். லிபெர்த்தா வீதி வட்டாரத்து வீடுகளில் வேலைக்கு வந்த ஈழத்தமிழரின் பிள்ளைகள் பலரும் இந்நகரத்துப் பள்ளிகளில் படித்தவர்களே ஆதலால், கடைசியாகச் சொன்னது நமக்கும் அன்னியமான செய்தி அன்று. இவ்வசதிகள் எவருக்கும் இடையூறாவதில்லை. தடித்த தூரிகையை வேண்டாத மாணாக்கனும் அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறான்.

நடுநிலைப் பள்ளியில் சித்திரத்துக்கு வாரம் இரண்டு மணி நேரமே உண்டு. துணையாசிரியரின் நேரத்தை மொழிக்கும் கணக்குக்குமே பங்கிட்டுவிட்டுச் சித்திர வகுப்பைத் தனியே விட்டுவிடும் வழக்கம் எங்கேனும் இருப்பின், அதனைப் பள்ளித் தலைவர்கள் மாற்றிக்கொள்ளும்படி வேண்டுகிறேன். எழுத்தில் தோற்ற பிள்ளை தன் வகுப்பினர் முன் தலை நிமிர்ந்து நிற்கக்கூடிய நேரம் பெரும்பாலும் அந்த இரண்டு மணி நேரமே.