‘நோமென்’ என்னும் இலத்தீன் சொல்லும் வீரமாமுனிவரின் இலக்கணப் பணியும்

முன்னுரை

கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டி, கரிசல் நிலத்தின் பழமையான கத்தோலிக்கத் தலங்களுள் ஒன்று. இத்தாலியரான வீரமாமுனிவர் (1680–1747) 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குச் சமயப்பணி ஆற்றினார். பின்னர்க் கொடுந்தமிழுக்கு 1728இலும் செந்தமிழுக்கு 1730இலும் இலத்தீன் மொழியில் இலக்கணம் எழுதினார். இவை தமிழை இலத்தீன் அச்சில் வார்த்தவை என்னும் கருத்து உண்டு. ‘நோமென்’ என்னும் ஒரு சொல்லின்வழி அக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

பொருள்

‘நோமென்’ என்பதற்குப் பெயர், புகழ், கணக்கேட்டில் ஒருவர் பேரில் எழுதும் கடன், பெயர்ச்சொல் எனப் பல பொருள்கள் உண்டு. தமிழில் ‘பெயர்’ என்னும் சொல்லும் ஆளின் பெயரையும் புகழையும் சொல்வகையையும் குறிக்கும். தொல்காப்பியமே பெயரைத் தனிச் சொல்வகையாகக் கொண்டது. ஆகவே இலத்தீன் கலைச்சொல் தமிழுக்குப் புதிய கருத்து எதனையும் தரவில்லை. எனினும் இலத்தீன் இலக்கணிகள் பெயரடையையும் ‘நோமென்’ என்பதனுள் அடக்கினர். அங்குப் பெயரடையும் வேற்றுமை ஏற்கும். தமிழில் ‘நல்ல’ என்பது வேற்றுமை ஏற்பதில்லை.

இலக்கணம்

‘நோமென்’ மூன்றாம் திரிபு வகையைச் சார்ந்த அஃறிணைப்பால் சொல். உருபேற்கும்போது இதன் அடி ‘நோமின்’ என மாறும். ‘மரம்’ என்பது ‘மரத்து’ என அத்துச்சாரியை பெறுவதோடு இது ஒப்புநோக்கத்தக்கது. ஆனால் ‘நோமினிஸ்’ (பெயரின்), ‘நோமினும்’ (பெயர்களின்) ஆகியவற்றில் எண்ணும் வேற்றுமையும் ஒரே ஈற்றில் கலந்துள்ளன. தமிழில் ‘மரத்தின்’, ‘மரங்களின்’ என இரண்டிலும் ‘இன்’ மாறாது நிற்க, ‘கள்’ தனித்து எண்ணை உணர்த்துகிறது. இலத்தீனில் திரிபு வகைகள் ஐந்து. தமிழிலோ எல்லாப் பெயர்க்கும் ஒரே உருபுத் தொகுதி.

அஃறிணைப்பால் சொல்லாதலின், ‘நோமென்’ எழுவாயிலும் செயப்படுபொருளிலும் ஒரே வடிவில் வரும். ‘பருத்தி விதைத்தான்’ என்னும் கரிசல் வழக்கிலும் ஐயுருபு தொக்கு நிற்கிறது. ஆயின் ‘பருத்தியை விதைத்தான்’ எனக் குறிப்பிட்ட பருத்தியைச் சுட்டவும் தமிழில் இடமுண்டு. இலத்தீனில் அத்தெரிவு இல்லை.

இலத்தீன் வேற்றுமை பொதுவாக ஆறு. தமிழ் வேற்றுமை எட்டு. தமிழின் கருவி, நீங்கல், இடம் ஆகிய மூன்று பொருள்களும் இலத்தீனில் பெரும்பாலும் ‘அப்லாத்திவுஸ்’ என்னும் ஒரே வேற்றுமையுள் அடங்கும்.

முடிவுரை

பொருளளவில் ‘நோமெ’னும் ‘பெய’ரும் நெருங்கியவை, இலக்கண நடையில் வேறானவை. தமிழில் எழுதிய தொன்னூல் விளக்கத்தில் முனிவர் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கணப் பகுப்பையே மேற்கொண்டார். இதனால் இலத்தீன் நூல்களின் கலைச்சொற்களை மட்டும் கண்டு அவற்றை அயல் அச்சு என முடிவுகட்டுதல் பொருந்தாது. பெயரடை, அப்லாத்திவுஸ் ஆகிய பொருந்தா இடங்களில் அவர் தமிழை எவ்வாறு கையாண்டார் என்பதே அக்கருத்துக்குரிய உரைகல்லாகும்.